பி சைடுக்கு வந்த ஆத்தா

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு, கண்ணமங்கலத்து வீட்டிலிருந்து உன் அக்கா எழுதுகிறேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த ஆடி மாதத்துக்குத்தான் கை போகிறது. அங்கே போனதும் முகம் சூடாகிப் பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்றைக்கு மூட முடியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போகிறேன். அதற்குள் உன்னிடம் பேசியாக வேண்டும்.

கூடப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையூரின் பெயரை எழுதப் போவதில்லை, அங்குள்ளவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். ஜவ்வாது மலையில் ஏறித் தேட வேண்டாம். இது அச்சில் வரும்போது ஆடியும் முடிந்திருக்கும். என் தம்பியின் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. உன் மைக் செட்டை உன் கூட்டாளி தாமு எடுத்து நடத்துகிறான். ஆம்ப்ளிஃபயருக்குப் புது உறை தைத்துப் போட்டிருக்கிறான், கல்யாண வீடுகளில் உன்னைவிடச் சத்தமாக வைத்துத் திட்டு வாங்குகிறான். உன் டேப்புகளை எல்லாம் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றைத் தவிர. அதைக் கேட்டு இரண்டு தடவை வந்தான், காணவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரர் உனக்குக் கொடுத்த வெளிநாட்டு கேசட். அட்டையில் மூன்று பையன்கள், தலைமுடியைக் காற்றில் காயவைத்த மாதிரி தூக்கி விட்டுக்கொண்டு. "இன்னாக்கா இவனுங்க, மீசையே இல்லாம கண்ணுக்கு மை வச்சிகினு கீறானுங்க" என்று நீ சிரித்தாய். சிரித்துவிட்டு அன்றைக்கே ஏழெட்டு தடவை போட்டுக் கேட்டாய்.

ஒரு பக்கம் அவர்களுடைய பேர்போன பாட்டுகள். மறுபக்கம், நீ பி சைடு என்பாயே, அதிலும் அதே பாட்டுகள்தான், ஆனால் ஆடுவதற்கென்று நீட்டிப் போட்டது. அது எனக்குப் புரியவே இல்லை. ஒரு தடவை பாடிய பாட்டை எதற்கு இன்னொரு தடவை? நீதான் விளக்கினாய். "ரீமிக்ஸுக்கா அது. அந்தப் பாட்டையே அறுத்து, பாடறத எடுத்துட்டு, கொட்ட மட்டும் இழுத்து இழுத்து கோத்துக்கிறான். மூணு நிமிசப் பாட்டு எட்டு நிமிசம் ஓடும். கொட்டறவனும் ஆளு இல்ல, மிசினு." மனிதன் கொட்டாத கொட்டு என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து, "அதான் ஓயாம கொட்டுது, ஆளா இருந்தா கை வலிக்கும்ல" என்றாள்.

புது ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கினால் அந்த பி சைடைப் போட்டுத்தான் சரிபார்ப்பாய். எந்த விசேஷத்துக்கும் அதைப் போட்டதில்லை. சாமி பாட்டில் ஆரம்பித்து, சினிமாப் பாட்டு போட்டு, சாமி பாட்டில் முடிக்கிற தொழில் உன்னுடையது. அதில் இந்த மீசையில்லாத பையன்களுக்கு இடம் ஏது?

நீ இல்லாதபோது அதை யார் கேட்டது தெரியுமா? நான்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. வேலை பார்க்கிற மலையூரிலிருந்து லீவில் வரும் நாட்களில், அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு பி சைடைப் போடுவேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். பிறகு பாத்திரத்தை வைத்துவிடுவேன். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த முப்பத்திரண்டு வயதுப் பெண், பால்வாடி டீச்சர், அடுப்படியில் தனியாக ஆடினாள் என்றால் நம்புவாயா? எழுதும்போதே காது மடல் எரிகிறது. அந்தக் கொட்டு எங்கே நிற்கும், எங்கே அந்தப் பையன் ஒரே வார்த்தையைத் திக்குகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வான், எங்கே எல்லாம் அடங்கிப் பாட்டு முடிந்தது போல ஏமாற்றிவிட்டு மறுபடி கிளம்பும் என்பதெல்லாம் என் காலுக்கு மனப்பாடம்.

அந்த வருஷத்து ஆடித் திருவிழாவுக்கு மலைக்கு மைக் செட் கொண்டு வரக் கீழே ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் கரண்ட் கிடையாது. ரோடு முடிகிற இடத்திலிருந்து ஜெனரேட்டரைத் தோளில் சுமக்க வேண்டும். அக்கா வேலை பார்க்கிற ஊர் என்று நீ வந்தாய். வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் பம்பை கொட்டுகிறவர்கள் வரவேண்டிய பஸ், மலைப் பாதையில் மரம் விழுந்து நின்றுவிட்டது.

பம்பை இல்லாமல் எப்படி? கரகம் ஜோடித்துத் தரையில் இருக்கிறது. அந்த ஊர் வழக்கப்படி, ஆத்தா யார் மேலாவது இறங்கி உத்தரவு கொடுக்காமல் கரகத்தைத் தூக்கக் கூடாது. வழக்கமாக இறங்குவது பூசாரி மேல். அவர் வேப்பிலையோடு நின்றார், நின்றார், கால் மாற்றி நின்றார். கொட்டு இல்லாமல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஊரை நடத்துகிற ஊர்க்கவுண்டர் உன்னிடம் வந்தார். "சினிமாப் பாட்டெல்லாம் வேணாம்ப்பா. அதுல பொம்பளையப் பத்திப் பாடுவான், ஆத்தாவுக்கு ஆவாது. பேச்சு இல்லாம வெறும் கொட்டு கீதா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன்னிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது.

பாவம், நீ நல்லதை நினைத்துத்தான் போட்டாய். மலையே அதிர்ந்தது. அந்தக் குழாய் ஸ்பீக்கரில் அது அடுப்படியில் கேட்ட பாட்டாகவே இல்லை. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். இந்தக் கொட்டு அவருக்கு எங்கே பிடிபடும்? நான் பால்வாடிப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். அந்த இடம் வந்தது. பையன் திக்குவானே, அந்த இடம். என் கால் கிளம்பிவிட்டது.

தம்பி, யாரும் என்னைத் தள்ளவில்லை. எதுவும் என்மேல் இறங்கவும் இல்லை. சுயநினைவோடுதான் இருந்தேன். பிள்ளைகளின் கையை விட்டதும் தெரியும், கொண்டை அவிழ்ந்ததும் தெரியும். ஆட ஆசையாக இருந்தது, ஆடினேன். எத்தனையோ வருஷங்களில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது ஊரே வட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது.  நாளைக்கு இந்த ஊரில் எந்த முகத்தோடு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பேன்? புருஷன் விட்டவள், சாமி முன்னால் இங்கிலீஷ் பாட்டுக்கு ஆடினாள் என்று மலைக்குக் கீழே கலசப்பாக்கம் வரைக்கும் பேச்சு போய்விடுமே.

அப்போதுதான் நீ மைக்கைப் பிடித்தாய்.

"ஆத்தா வந்துட்டா! டீச்சர் மேல ஆத்தா வந்துட்டா! இன்னா பாத்துகினு கீறீங்க, கற்பூரம் கொண்டாங்க!"

உன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. எல்லாரும் பக்தியில் நடுங்குகிறாய் என்று நினைத்தார்கள். விசிலடித்தவன்தான் முதலில் விழுந்து கும்பிட்டான். இனி நான் நிறுத்தினால் பொய் வெளியே வந்துவிடும். அதனால் ஆடினேன். பாட்டு அந்த ஏமாற்று இடத்தில் அடங்கியது, நானும் நின்றேன். ஊர்க்கவுண்டர் உத்தரவு கேட்கக் குனிந்தார். அதற்குள் மிஷின் கொட்டு திரும்பக் கிளம்பிவிட்டது. என்ன செய்வேன், மறுபடி ஆடினேன். அவர் குனிந்தபடியே பின்னால் நகர்ந்தார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வருகிறது.

மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வாக்கு கேட்டார்கள். "மழை வரும், கரகத்தைத் தூக்குங்க" என்றேன். காலையிலிருந்து மழை தூறிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் நாம் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். நீ கேட்பாய் என்று பயந்துகொண்டே வந்தேன். போளூர் தாண்டியதும் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "காலு வலிக்குதாக்கா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீயும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மாசியில் ஒரு காதுகுத்துக்காக ஈர மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏறினாய், கரண்ட் அடித்தது. நான் மலையில் சத்துமாவு பிசைந்துகொண்டிருந்தேன், ஆள் வந்து சொன்னான்.

ஏன் அன்றைக்கு பஸ்ஸில் உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை நான்?

நீ சொன்ன அந்தப் பொய் உன்னோடு போகவில்லை, ஏழுமலை. மலையில் என்னோடு குடியிருக்கிறது. பால்வாடி வாசலில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். சூப்பர்வைசர் வந்தபோது மேசைமேல் பத்துப் பதினைந்து பழம், "டீச்சர், ஊறுகாய் போடறீங்களா?" என்று கேட்டார். முன்பெல்லாம் காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது நான் சொன்னால் அந்த நிமிஷமே கிளம்புகிறார்கள். பிள்ளை பிழைத்து வருகிறது, என் காலில் விழுகிறார்கள். நான் "வேண்டாம், வேண்டாம்" என்கிறேன். "நான் ஆத்தா இல்லை" என்று மட்டும் சொல்லவில்லை. போன வருஷத் திருவிழாவுக்கு, உன் துக்கம் என்பதால் கோயில் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. அந்த விஷயத்தில் உன் சாவு எனக்கு உதவியது. இப்படி எழுதுகிற கையை வெட்டிப் போடலாம்.

இந்த வருஷம் தப்பிக்க வழியில்லை. ஆடி பிறப்பதற்கு முன்பே ஊர்க்கவுண்டர் வந்து சொல்லிவிட்டார். கரகத்துக்கு மட்டும் கூப்பிடவில்லை, ஒரு வாக்கு வேண்டும் என்றார். சின்னபாப்பாவின் மகள் லட்சுமிக்கும் அவளுடைய தாய்மாமனுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ஆத்தா சரி என்று சொல்லிவிட்டால் ஆவணியில் தாலி. லட்சுமியை உனக்குத் தெரியும். நீ ஜெனரேட்டர் கயிறு இழுக்கும்போது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தாளே, அவள்தான். அஞ்சாவது முடித்துவிட்டு, தினம் தம்பியைப் பால்வாடியில் விட வருவாள். விட்டுவிட்டுப் போகமாட்டாள், சுவரில் நான் ஒட்டிய படங்களுக்குக் கீழே இருக்கும் எழுத்தை எல்லாம் சத்தம் போட்டுப் படிப்பாள். பதின்மூன்று வயது இன்னும் முடியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே ஓடி வந்துவிட்டேன். வாக்கு சொல்லாவிட்டால் பொய் சொன்ன பாவம் இல்லை என்று கணக்குப் போட்டேன். அம்மா தோசை தின்றுகொண்டு, "எனக்கு இன்னாடி உடம்புக்கு?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னபாப்பா இங்கே வந்துவிட்டாள். மலையை விட்டு ஒருநாளும் தனியாக இறங்கியதில்லை அவள். ரோடு வரைக்கும் நடந்து, பஸ் மாறி மாறி, "பால்வாடி டீச்சர் வூடு எது" என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கையில் ஒரு பை சாமை அரிசி. உள்ளே வரச் சொன்னால் நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"திருவிழாவுக்கு வரமாட்டீங்களா டீச்சர்?"

"அம்மாவுக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தேன். அம்மா அவளுக்குக் காபி கொண்டு வந்து வைத்தாள், திடமாக. அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் சேர்த்துத்தான். அது சாமி இல்லை, வெளிநாட்டு ஆட்டப்பாட்டு, எனக்குப் பழக்கமான பாட்டு, ஆசைப்பட்டு ஆடினேன், தம்பி என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னான். என் வாக்குக்கு ஒரு மதிப்பும் கிடையாது, என்னை விட்டுவிடு என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

சின்னபாப்பா காபியை ஆற்றிக் குடித்தாள்.

"தெரியும் டீச்சர்."

"இன்னா தெரியும்?"

"உங்க பக்கத்துலதான நின்னேன். ஆத்தா வந்தவங்க மொகம் வேற மாதிரி இருக்கும். நீங்க சிரிச்சிகினே ஆடுனீங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குந்தான் காலு துடிச்சிது. நான் அடக்கிகினேன். எனக்காவ மைக்கப் புடிச்சிப் பேச யாரு கீறாங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபமாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை.

அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அடி விழுந்தது. மாப்பிள்ளையாக வரப்போகிற தன் அண்ணனிடம் அழுதிருக்கிறாள், "என் முறையை நான் கேக்கறேன்" என்றிருக்கிறான். நான் சட்டத்தைச் சொன்னேன். பதினெட்டு வயது ஆகணும், மனு எழுதித் தர்றேன், போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"போலீசு ஒருநா வந்துட்டு எறங்கிப் போயிடும். நாங்க அங்கதான டீச்சர் இருக்கணும்? ஊரே எங்கள ஒதுக்கிடும். ஆத்தா வேணான்னு சொன்னா எவனும் பேசமாட்டான். எங்க அண்ணனே பேசமாட்டான்."

"பொய்யாச்சே, சின்னபாப்பா. சாமி பேரச் சொல்லி..."

"அன்னிக்கும் பொய்தான? உங்களுக்காவ உங்க தம்பி சொன்னாரு. எம் பொண்ணுக்காவ யாரும் சொல்லக்கூடாதா?"

என் அம்மா சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். உனக்காக அழுதாளா, எனக்காகவா, தெரியவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இத்தனை நாள் நான் வெட்கப்பட்டதெல்லாம் வேறு வெட்கம், ஏழுமலை. ஆடியதற்கு வெட்கப்பட்டேன், கும்பிடு வாங்கியதற்கு வெட்கப்பட்டேன். என் மானத்துக்கு ஒரு பொய்யை எடுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையின் உயிர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சத்தியம் நினைவுக்கு வந்ததே, அதற்கு வெட்கப்படவில்லை. அதை அவள் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்பும்போது படியிறங்கி நின்று சொன்னாள். "பம்பைக்காரங்க வருவாங்க. அந்தக் கொட்டுக்கு உங்களுக்கு வராது. அந்தப் பாட்டையே போடச் சொல்லுங்க. நீங்க ஆடுங்க, ஆத்தா வந்துட்டான்னு நான் கத்தறேன். இந்தவாட்டி சிரிக்காம ஆடுங்க டீச்சர்."

இந்த வருஷம் மலைக்கு மைக் செட் கொண்டு வருகிறவன் தாமுதான், அவனிடம் போய்க் கேசட்டைக் கொடுத்தேன். காணாமல் போனது கிடைத்துவிட்டது என்றேன். ஒரு மாதிரி பார்த்தான். பம்பைக்காரர்கள் மூச்சு வாங்க உட்காரும்போது பி சைடைப் போடு, ஏன் என்று கேட்காதே என்றேன். உன்னை மாதிரியே தலையை ஆட்டினான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. மைக்கைப் பிடித்தபோது உனக்குப் பயமாக இல்லையா? சாமி பேரில் பொய் சொல்கிறோமே, நமக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று தோன்றவில்லையா? நீ மரத்திலிருந்து விழுந்தாய் என்று கேட்ட நிமிஷம் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். என்னால்தானோ, அந்தப் பொய்யால்தானோ என்று. ஈரத்தில் கரண்ட் பாயும் என்று எனக்குத் தெரியாதா என்ன, பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்தும் ஒன்றரை வருஷமாக ராத்திரி தூக்கம் கெடுகிறது. நாளை மறுநாள் நான் ஆடும்போதும் அந்தப் பயம் கூடவே வரும். வரட்டும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். ஆடுவேன். ஊர்க்கவுண்டர் குனியும்போது, "பிள்ளைக்குத் தாலி வேணாம், அவ படிக்கணும்" என்று ஆத்தா வாயால் சொல்வேன். லட்சுமிக்குப் பதினெட்டு வயதாகும் அன்றைக்கு அவளை உட்காரவைத்து, அது ஆத்தா சொன்னதில்லை, உன் அம்மா சொன்னது என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் ஊருக்குத் தெரிந்து, என் முகத்தில் அவர்கள் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் கேட்டாயே. வலித்ததடா. ரொம்ப வலித்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாம் என்றுதான் இருந்தது.

உன் மானங்கெட்ட அக்கா,
சரோஜா